தாவரப் பாலுக்கு இராமநாதபுரம் கடற்கரையில் வாங்குவோர் உண்டா?

கேள்வி: உச்சிப்புளித் தோப்பு

அனைவருக்கும் வணக்கம். நான் இராமநாதபுரம் நகரில் பதினான்கு ஆண்டுகளாக மளிகைக் கடை நடத்தி வருகிறேன். உச்சிப்புளிக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு எழுபது மரங்கள் கொண்ட தென்னந்தோப்பு ஒன்றும் இருக்கிறது. இந்த இரண்டையும் தொட்ட ஒரு முடிவை எடுக்க வேண்டியிருப்பதால், தொழில் தெரிந்தவர்களிடமும் வாங்கிப் பயன்படுத்துபவர்களிடமும் கேட்கிறேன்.

சென்னையிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் விடுமுறைக்கு ஊர் திரும்புவோர் ஓட்ஸ் பால் இருக்கிறதா, சோயா பால் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்ததால், விநியோகஸ்தர் ஒருவரின் சொல்லை நம்பிச் சோயா, பாதாம், ஓட்ஸ், தேங்காய் என நான்கு வகைகளில், வகைக்குப் பன்னிரண்டு ஒரு லிட்டர் பெட்டிகள் வாங்கி வைத்தேன். ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது சோயா முழுவதும் விற்றிருந்தது. ஓட்ஸில் ஏழும் பாதாமில் ஐந்தும் காலாவதியாகிவிட்டன. தேங்காய்ப் பானத்தில் விற்றவை இரண்டே இரண்டு. தேங்காய் காய்க்கும் ஊரில் அதை யார் பெட்டியில் வாங்குவார்கள் என்று என் மனைவி முதல் நாளே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. மீதியைத் திருப்பி எடுக்க விநியோகஸ்தர் மறுத்துவிட்டார்.

இன்னொன்றும் நடந்தது. வயதான அம்மா ஒருவர் பாதாம் பால் என்று கேட்டு வாங்கிச் சென்று, மறுநாள் காலையில் திறந்த பெட்டியோடு திரும்பி வந்தார். பாலில் பாதாமும் குங்குமப்பூவும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, மஞ்சள் நிறத்தில் பாட்டிலில் விற்கும் பாதாம் பாலைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார். பெட்டியில் இருந்தது இனிப்பில்லாத, தண்ணீர் போன்ற ஒரு பானம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அவர் ஏமாந்து நின்ற முகம் இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

நான் அறிய விரும்புவது இதுதான். நம் பகுதியில் இந்தப் பொருள்களை உண்மையில் தொடர்ந்து வாங்கக்கூடியவர்கள் யார்? அவர்களுக்காக எவ்வளவு சரக்கு வைப்பது நியாயம்? எங்கள் தோப்புத் தேங்காயைப் பிழிந்து, அடைத்து, தாவரப் பால் என்று நாங்களே விற்க முடியுமா? அதற்குச் சட்டத்திலும் செய்முறையிலும் என்ன தடைகள் இருக்கின்றன? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் மிகவும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி 1: தேவிபட்டினத்தான்

ஐயா, வணக்கம். நான் தேவிபட்டினத்தைச் சேர்ந்தவன். தற்போது தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்தும் துறையில் பணிபுரிகிறேன். உங்கள் கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. நான்கு வகையில் சோயா மட்டும் விற்றதற்குக் காரணம் உண்டு. நூறு மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 3 கிராமுக்குச் சற்று மேல் புரதம் இருக்கிறது. சோயா பாலில் அதற்கு நெருக்கமான அளவு இருக்கிறது. பாதாம், ஓட்ஸ் பானங்களில் பெரும்பாலும் 1 கிராம் அளவில்தான் இருக்கும், பலவற்றில் அதற்கும் குறைவு. தேங்காய்ப் பானத்தில் இன்னும் குறைவு. மருத்துவர் சொல்லியோ, உடல் ஒப்பாமலோ பாலை நிறுத்தியவர் அடுத்த மாதமும் வந்து வாங்குவார். அவர் கேட்பது பெரும்பாலும் சோயாவைத்தான். ஆவலில் ஒருமுறை வாங்குபவர் அடுத்த முறை வரமாட்டார். கடைக்காரர் சரக்கு வைக்க வேண்டியது முதல் வகையினருக்காக.

ஓட்ஸ் பால் நம் ஊரில் நிலைக்காததற்குத் தேநீரே முதற்காரணம் என்பது என் கருத்து. நாம் பாலைக் கொதிக்க வைத்துத் தேநீர் போடுகிறோம். ஓட்ஸில் மாவுச்சத்து இருப்பதால் கொதிக்கக் கொதிக்க அது கஞ்சியைப் போலக் கெட்டியாகிவிடும். தொழிற்சாலையில் நொதியைச் சேர்த்து அந்த மாவுச்சத்தின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றுகிறார்கள். அதனால்தான் சர்க்கரை சேர்க்கவில்லை என்று எழுதிய பெட்டியிலும் லேசான இனிப்பு இருக்கிறது, நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைச் சொல்லி விற்பது நல்லது. சோயா பாலும் பாதாம் பாலும் சூடான காப்பியின் புளிப்பில் சில வேளை திரிந்துவிடும். காப்பிக் கடைகளுக்கென்று தனியாக விற்கும் வகைகளில் எண்ணெயும், புளிப்பைத் தாங்குவதற்கான பாஸ்பேட் உப்பும் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள்.

விலையைப் பற்றி ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் சோயா பால் பானங்களுக்கு 12 விழுக்காடாகவும், மற்றத் தாவரப் பால் பானங்களுக்கு 18 விழுக்காடாகவும் இருந்த சரக்கு, சேவை வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆனால் அதே நாளில், உயர்வெப்பத்தில் பதப்படுத்திப் பெட்டியில் விற்கும் பசும்பாலுக்கு இருந்த 5 விழுக்காடும் நீக்கப்பட்டுவிட்டதால், இரண்டுக்கும் இடையிலான இடைவெளி முழுவதும் மறையவில்லை. எப்படியும் பாக்கெட் பாலைப் போலச் சில மடங்கு விலையில் இருக்கும் பொருள் இது. வரிக் குறைப்பு மட்டும் புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

இனி, பெயர். பால் என்ற சொல்லை விலங்கின் மடியிலிருந்து கறந்ததற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் நிலைப்பாடு. பால் என்ற சொல்லோடு விற்கப்படும் தாவரப் பானங்களை இணைய விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கச் சொல்லி 2021 ஜூலையில் அந்த ஆணையம் உத்தரவிட்டது. உற்பத்தியாளர்கள் சிலர் டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2017 ஜூன் மாதம் இதே திசையில்தான் தீர்ப்பளித்தது. உங்களுக்கு ஆறுதலான விஷயம் என்னவென்றால், காலங்காலமாக வழங்கிவரும் பெயர் என்பதால் தேங்காய்ப்பாலுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆகவே உங்கள் பொட்டலத்தில் தேங்காய்ப்பால் என்றே அச்சிடுங்கள். தாவரப் பால் என்ற புதுப்பெயரைத் தேடிப் போகாதீர்கள். தேங்காய்ப்பால் என்ற பெயரை வாங்குபவரும் அறிவார், சட்டமும் ஏற்கிறது.

செய்முறைதான் கடினம். தேங்காய்ப்பாலில் புளிப்பு மிகக் குறைவு, கொழுப்பும் நீரும் நிறைய இருக்கின்றன; நம் கடற்கரை வெயிலில் பிழிந்த சில மணி நேரத்தில் கெடத் தொடங்கிவிடும். கொதிக்க வைத்துக் காப்பாற்றலாம் என்றால், சுமார் 80 டிகிரி வெப்பத்தில் அதன் புரதம் உறைந்து பால் பிரிந்துவிடுகிறது. அதைத் தடுக்கத்தான் பெரிய நிறுவனங்கள் கொழுப்பை நுண்துளிகளாக உடைத்து, கொத்தவரை இனத்துப் பிசின் போன்ற கெட்டிப்பொருள்களைச் சேர்த்து, ஏறத்தாழ 135 முதல் 140 டிகிரி வரை சில நொடிகள் மட்டும் சூடேற்றி, கிருமி நீக்கிய பெட்டியில் அடைக்கின்றன. அந்த இயந்திர வரிசையின் விலை கோடிகளில் இருக்கும். எழுபது மரத் தோப்பு அதைத் தாங்காது. உங்களுக்கு உரிய வழி, பிழிந்ததும் குளிர்வித்து உறைய வைத்து விற்பது. பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் தகுதியுள்ள திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனோடு இணைந்த மானியம் உண்டு. இப்போது விண்ணப்பம் ஏற்கிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 2: கீழக்கரைச் சமையற்கட்டு

சகோதரருக்கு அஸ்ஸலாமு அலைக்கும். நான் கீழக்கரையில் வீட்டிலிருந்தபடியே திருமணங்களுக்கும் விருந்துகளுக்கும் சமைத்துக் கொடுத்து வருகிறேன். தேவிபட்டினத்துத் தம்பி சொன்னவை பயனுள்ளவை. ஆனால் அவர் பசும்பாலுக்கு மாற்று யார் வாங்குவார் என்ற திசையிலிருந்து பார்க்கிறார். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் எதற்கும் மாற்றாக வந்ததில்லை. தேங்காய்ப்பால் சோற்றிலும், ஆணம் என்னும் குழம்பிலும், நோன்புக் கஞ்சியிலும், வட்டிலப்பம், தொதல் என்னும் இனிப்புகளிலும் அது தன் உரிமையோடு இருக்கிறது. ஆகவே வாங்குவோர் உண்டா என்று நீங்கள் தேட வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். இதுநாள்வரை அவர்கள் தேங்காயாக வாங்கி வீட்டில் பிழிகிறார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பிழியும் வேலையைத்தான் நீங்கள் விற்கப் போகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்குத் தேங்காய்ப்பால் சோறு சமைக்க வேண்டுமென்றால், உடைத்து, துருவி, அரைத்து, தலைப்பால் எடுத்து, பிறகு இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுப்பதற்கு மூன்று பெண்கள் விடியற்காலையிலிருந்து உட்கார வேண்டும். வீட்டில் ஆள் இருந்த காலத்தில் அது சுமையாகத் தெரியவில்லை. இப்போது பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் இருக்க, அறுபது வயதான பெண்கள் மட்டும் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துருவுபலகையில் உட்கார்ந்து எழ முடிவதில்லை. அவர்கள் தூள் வடிவத் தேங்காய்ப்பாலை வாங்கிப் பார்த்து, சுவை பிடிக்காமல் விட்டுவிட்டார்கள். நல்ல தலைப்பால் அரை லிட்டர் உறைய வைத்துக் கிடைத்தால், நானே வாரத்துக்குப் பத்துப் பொட்டலம் எடுத்துக்கொள்வேன்.

ஆனால் உறைய வைத்த பாலைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். உருகும்போது எண்ணெய் தனியே, நீர் தனியே பிரிந்து நிற்கிறது. ஆணத்திலும் கஞ்சியிலும் அதைக் கலக்கிவிட்டால் வேறுபாடு தெரியாது. வட்டிலப்பத்தில் தெரியும், முட்டையும் கருப்பட்டியும் சேர்ந்து வேகும்போது மேலே எண்ணெய் மிதந்து, உள்ளே மென்மை வராமல் போய்விடுகிறது. ஆகவே எதற்கு ஏற்றது, எதற்கு ஏற்காதது என்று பொட்டலத்திலேயே எழுதுங்கள். தலைப்பாலையும் இரண்டாம் பாலையும் ஒன்றாகக் கலந்து விற்காதீர்கள். அப்படிக் கலந்ததைச் சமைப்பவர்கள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு உங்கள் பெயரைச் சொல்லி யாரும் வாங்கமாட்டார்கள்.

விலையை எப்படி வைப்பது என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள். 2025இல் தேங்காய் விலை ஏறியபோது, ஒப்புக்கொண்ட விருந்துகளில் எனக்கு மிச்சம் எதுவும் நிற்கவில்லை. சொந்தத் தோப்பு என்பதற்காகத் தேங்காயை இலவசமாகக் கணக்கிட்டுவிடாதீர்கள். அன்றைய சந்தை விலையைத் தேங்காய்க்குப் போட்டு, அதன் மேல் கூலியையும் மின்கட்டணத்தையும் சேர்த்து, அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சினால்தான் இது தொழில். ரமலான் மாதத்தில் தேவை பல மடங்காக இருக்கும். அந்த ஒரு மாதத்தைச் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

மறுமொழி 3: மண்டபம் தாய்

வணக்கம். நான் எழுதுவது வேறு ஒரு காரணத்துக்காக. என் மகனுக்கு ஐந்து வயதாகிறது. பால் புரதம் ஒவ்வாமை அவனுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே கண்டறியப்பட்டது. பாலில் உள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு ஊதுவது வேறு, இந்த ஒவ்வாமை வேறு. முன்னதில் தயிரோ மோரோ பலருக்கு ஒத்துக்கொள்ளும். பின்னதில் ஒரு துளி பட்டாலும் உடம்பெங்கும் தடிப்பு எழும்பி மூச்சு முட்டலாம். ஆட்டுப்பால் கொடுங்கள் என்று உறவினர்கள் அன்போடு சொல்கிறார்கள். ஆட்டுப்பாலின் புரதமும் பசும்பாலின் புரதத்தை ஒத்திருப்பதால் அதுவும் ஆபத்து என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

ஐயா, உங்களைப் போன்ற கடைக்காரர்களிடம் நான் வேண்டுவது ஒன்று உண்டு. பச்சைப் புள்ளி இருக்கிறது, ஆகவே இதில் பால் இல்லை என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். நம் நாட்டில் பச்சைப் புள்ளி சைவ உணவைக் குறிக்கிறது; பால் சேர்ந்த பொருளுக்கும் அந்தப் புள்ளி உண்டு. தேங்காய்ப்பால் தூள் சிலவற்றில் கட்டி சேராமல் கரைவதற்காகச் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள், அது பாலிலிருந்து எடுக்கும் புரதம். ஒருமுறை தேங்காய்தானே என்று நம்பி அந்தத் தூளில் சொதி வைத்துக் கொடுத்துவிட்டு, இரவு முழுவதும் மருத்துவமனையில் உட்கார்ந்திருந்தேன். விலங்குப் பொருள் எதுவும் சேராத உணவுக்கு 2022ஆம் ஆண்டு விதிகளின்படி இலை முளைத்த வீகன் முத்திரை தனியாக இருக்கிறது; அதையும், சேர்பொருள் பட்டியலையும் பார்த்து வாங்க வேண்டும்.

எங்களைப் போன்றவர்கள் எண்ணிக்கையில் சிலர்தான், ஆனால் மாதம் தவறாமல் வாங்குவோம். கால்சியம் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பால் மாதம் எட்டுப் பெட்டி எனக்குத் தேவை. அதற்காக மதுரை வரை சொல்லி அனுப்புகிறேன். அந்தக் கால்சியம் அடியில் படிந்துவிடும், குலுக்கி ஊற்ற வேண்டும் என்பதைக்கூட நான் தாமதமாகத்தான் அறிந்தேன். மீதித் தேவைக்கு முள்ளோடு உண்ணும் நெத்திலியும், கேழ்வரகுக் கூழும் கொடுக்கிறேன். உங்கள் கடையில் தாய்மார்கள் யாராவது ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கென்று ஓட்ஸ் பாலோ பாதாம் பாலோ கேட்டால், தயவுசெய்து விற்காமல் மருத்துவரிடம் அனுப்பிவையுங்கள். அந்த வயதில் தாய்ப்பாலுக்கோ, மருத்துவர் எழுதித் தரும் மாவுப் பாலுக்கோ அவை ஈடாகா.

மறுமொழி 4: பாம்பன் விடுதி

பாம்பனுக்கு அருகே எட்டு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறோம். கடலில் காற்றாடிச் சறுக்கு (கைட் சர்ஃபிங்) கற்க வருபவர்களிலும், பெங்களூரு, சென்னை இளைஞர்களிலும் சிலர் காலை உணவுக்கு ஓட்ஸ் பாலோ பாதாம் பாலோ கேட்பது உண்மைதான். அது பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும் தேவை. அறை பதிவு செய்யும்போதே கேட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் மட்டும் வாங்குகிறோம். இராமேசுவரத்துக்கு வரும் யாத்ரீகர்கள் இதைக் கேட்டதில்லை. அவர்களுக்குப் பசும்பாலும் தயிரும் வேண்டும்.

தொடர்புடைய ஒன்றைக் கேட்கிறேன். எங்கள் அம்மா பரமக்குடிப் பக்கம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பாலை அவர் செய்து கொடுத்தபோது, வெளியூர் விருந்தினர்கள் இரண்டாவது குவளை கேட்டார்கள். ஒரு துளி மாட்டுப்பால் இல்லாத பானம் அது. பெட்டியில் அடைத்த பாதாம் பாலைவிட இதற்கு மதிப்புக் கூடுதல் என்று எனக்குத் தோன்றுகிறது. இதைக் கடையில் விற்க இயலுமா?

கேள்வி கேட்டவரின் பதில்: உச்சிப்புளித் தோப்பு

தேவிபட்டினத்துத் தம்பிக்கும், கீழக்கரை லாத்தாவுக்கும், மண்டபத்துச் சகோதரிக்கும், பாம்பன் நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு நாள்களாக இதையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடையில் சோயா பாலை மட்டும், இனிப்பில்லாததும் கால்சியம் சேர்த்ததுமாகத் தொடர்ந்து வைக்கப் போகிறேன். மண்டபத்துச் சகோதரி மாதம் எட்டுப் பெட்டி என்று சொன்னதால், அதைத் தனியே எடுத்துவைத்து, மண்டபம் செல்லும் பேருந்தில் அனுப்பிவைக்கிறேன். ஓட்ஸும் பாதாமும் சொல்லிவைத்தவர்களுக்கு மட்டும். பாதாம் பானம் இருக்கும் அடுக்கில், இது இனிப்பில்லாதது, மாட்டுப்பால் சேராதது, கடையில் குடிக்கும் பாதாம் பால் வேறு என்று தமிழில் எழுதி ஒட்டிவிட்டேன்.

தேங்காய்ப்பாலை ரமலானுக்கு முந்தைய மாதம் தொடங்கி, வாரம் இரண்டு நாள் பிழிந்து, தலைப்பாலும் இரண்டாம் பாலும் வெவ்வேறு பொட்டலமாக உறைய வைத்துக் கொடுக்க எண்ணியிருக்கிறோம். இலவசமாகத் தேங்காய் போட்டுக் கணக்கிடாதே என்ற லாத்தாவின் சொல்லை என் மனைவி நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார். அப்படிக் கணக்கிட்டபோது நான் மனத்தில் நினைத்திருந்த விலையில் நட்டம்தான் வந்தது, ஆகவே விலையை மாற்றினோம். எங்கள் பகுதியில் மின்வெட்டு வந்தால் உறைபெட்டி எவ்வளவு நேரம் தாங்கும், ஒருமுறை உருகிய பாலை மீண்டும் உறைய வைத்து விற்கலாமா என்பது மட்டும் தெளிவாகத் தெரியவில்லை.

மறுமொழி 5: தேவிபட்டினத்தான்

ஐயா, உருகியதை மீண்டும் உறைய வைத்து விற்கவே கூடாது. உருகிய நேரத்தில் கிருமிகள் பெருகியிருக்கும், குளிரில் அவை சாவதில்லை. பெட்டி நிறையச் சரக்கு இருந்து மூடியைத் திறக்காமல் வைத்தால் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும், பாதி காலியாக இருந்தால் அதில் பாதி நேரம்தான். இடைவெளியை நீர் நிரப்பிய பாட்டில்களை உறைய வைத்து அடைத்துவிடுங்கள். ஒரு சிறு கிண்ணத்து நீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துப் பெட்டிக்குள் விட்டுவிடுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருந்தால் நாணயம் கீழே அமிழ்ந்திருக்கும். அப்படிக் கண்டால் அந்தத் தொகுதி முழுவதையும் காய்ச்சி எண்ணெயாக்கிவிடுங்கள்.

பாம்பன் நண்பருக்கு: பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற இயற்கை நச்சு உண்டு. நன்றாகக் கொதிக்கக் காய்ச்சும்போது அதன் பெரும்பகுதி புரதத்தோடு பிணைந்து வீரியம் இழக்கிறது. நம் முன்னோர் பச்சையாகக் குடிக்காமல் காய்ச்சியே குடித்ததை அப்படியே பின்பற்றுங்கள். விதைப்புக்கென்று மருந்து கலந்து விற்கும் கொட்டையை ஒருபோதும் வாங்காமல், ஆலையிலிருந்து வரும் கலப்பில்லாத கொட்டையை வாங்குங்கள். அன்றன்று காய்ச்சி விடுதியிலேயே சூடாகக் கொடுப்பதற்கு ஏற்ற பானம் அது. அடைத்து விற்கும் எண்ணத்தை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.